லுங்கியில் தைத்த மண்மூட்டைகள்

"...மொட்டை மாடியில நிண்டு படம் பிடிக்கிறாரோ? விசரே இந்த மனுசனுக்கு? கீழ இறங்கச் சொல்லு பிள்ளை. இப்ப சொல்லு, உடன சொல்லு!"

சொல்லி முடிக்கும் முன்பே கேம்ப் அக்கா நண்டுக்காரியின் கையிலிருந்த போனைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கிய வேகத்தில் அவர் இடுப்பிலிருந்த கூடை சாய்ந்து, காரப்பொடி மீன் கருவாடு என் கடை வாசலில் கொட்டியது. தெருக் கோழி ஒன்று ஓடி வந்து கொத்த ஆரம்பித்தது. யாரும் அதை விரட்டவில்லை.

பழவேற்காட்டில் நான் வலைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். நூல், மிதவை, ஈயக்குண்டு, வலை ஊசி, இவ்வளவுதான். ஆனால் கடையில் வைஃபை உண்டு. அதனால் வெளிநாட்டில் ஆள் இருக்கிற பெண்கள் எல்லாரும் என் கடைப் படியில் உட்கார்ந்துதான் பேசுவார்கள். சண்டை, சமாதானம், சீமந்தச் சேதி எல்லாம் எனக்கு எதிரிலேயே நடக்கும். காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தவள் நண்டுக்காரி. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, வெறும் கையால் தடவித் தடவி நண்டும் இறாலும் பிடிக்கிறவள். அவள் வீட்டுக்காரன் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் ஒரு அரபிக்காரரின் மீன்பிடி போட்டில் வேலை பார்க்கிறான். அங்கே திடீரென்று சண்டை மூண்டுவிட்டது. விமானம் ஓடவில்லை. போட்டைக் கடலுக்கு விடவும் தடை. பாஸ்போர்ட் முதலாளியிடம். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தில் அவனும் கூட்டாளிகளும் மாட்டிக்கொண்டார்கள்.

நண்டுக்காரி பயந்திருந்தாளா என்றால், உண்மையைச் சொல்கிறேன், அக்கா வருகிற வரைக்கும் நாங்கள் யாருமே சரியாகப் பயப்படவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. ஏரிக்கு வடக்கே ராக்கெட் விடுகிற தீவு இருக்கிறது. ராக்கெட் நாளில் கடலுக்குப் போக விடமாட்டார்கள். "இன்னைக்குக் கடலுக்கு லீவு" என்று சொல்லிக்கொண்டு கரைக்கு வந்து நிற்போம். சத்தம் வரும், ஜன்னல் கதவு அதிரும், பாத்திரம் ஆடும். உடனே வீட்டுக்குள் இருக்கிறவர்களும் வெளியே ஓடி வருவார்கள். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சாப்பிட்ட கையோடு வருவார்கள். வானத்தில் சத்தம் கேட்டால் வெளியே வந்து பார்க்கணும், இதுதான் எங்களுக்குத் தெரியும். உள்ளே போ என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அவள் வீட்டுக்காரனும் அதே ஊர்க்காரன்தானே. சைரன் அடித்ததும் நேரே மொட்டை மாடிக்கு ஏறிவிட்டான். வீடியோவில், "ஏம்மே, பாரு பாரு, நம்ம ஊரு ராக்கெட் கணக்காவே போவுது!" என்று காட்டினான். இவளும் "சித்தப்பா, வந்து பாரேன்" என்று என்னைக் கூப்பிட்டாள். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பட்டப்பகலில் வெள்ளைக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு என்னென்னவோ போயின. ஒன்று மேலேயே வெடித்துப் பூவாய் விரிந்தது. "ஐய, தீபாவளி!" என்றாள் படியிலிருந்த இன்னொருத்தி. அந்த நேரத்தில்தான் கேம்ப் அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

கேம்ப் அக்கா என்றால், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இலங்கை அகதி முகாமிலிருந்து வருகிறவர். பொன்னேரி வந்து பஸ் மாறி, இங்கே நண்டும் கருவாடும் வாங்கிக்கொண்டு போய் முகாமில் விற்பார். வயதில் எனக்கு இளையவர்தான். ஊரே அக்கா என்கிறபோது நான் மட்டும் வேறு என்ன சொல்ல? எங்களோடு பழகிப் பழகி அவருக்கும் "இன்னா" வந்துவிட்டது. "இன்னா அண்ணை, நூல் விலை ஏறிட்டுதோ?" என்று இரண்டு ஊரையும் ஒரே மூச்சில் பேசுவார். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கும். அன்றைக்கு அவர் வாயில் ஒரு "இன்னா" கூட வரவில்லை.

போனில் அவன், "யார் இது? போனை யாராண்ட குடுத்த?" என்றான்.

"நான் கேம்ப் அக்கா. நீ முதல்ல கீழ இறங்கு. பிறகு ஆரெண்டு கேள்."

"அக்கா, அது ரொம்ப தூரத்துல போவுதுக்கா. மேலயே அடிச்சு ஒடைச்சிடறாங்க. ஒண்ணும் ஆவாது."

"மேல உடைஞ்சது எங்க போய் விழும் தம்பி? வானத்திலயே நிக்குமோ?"

படம் ஆடியது. படியில் தடதடவென்று இறங்குகிற செருப்புச் சத்தம் கேட்டது. நண்டுக்காரி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போதுதான் பயம் வந்தது.

அக்கா கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்தார். "வீட்டைச் சுத்திக் காட்டு" என்றார். அவன் காட்டினான். கீழே வலையும் மீன்பெட்டியும் போடுகிற குடோன். முன்பக்கம் இரும்பு ஷட்டர், பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல். குடோனுக்குள்ளேயே கான்கிரீட் படி மேலே ஏறுகிறது. மேலே பாதி இவர்கள் படுக்கிற ஷீட் கூரை ரூம், மீதி மொட்டை மாடி.

"இனி மேல படுக்கிறேல்ல. அந்தப் படிக்குக் கீழ என்ன இருக்கு?"

"கேஸ் சிலிண்டரு, பழைய இன்ஜின்."

"சிலிண்டரை வெளியில கொண்டுபோ. தூரமா. படிக்குக் கீழதான் நீங்கள் இருக்கப் போறீங்கள். பக்கத்தில குழி வெட்டலாமோ?"

"ரெண்டு முழம் தோண்டுனா உப்புத்தண்ணி வந்துரும்க்கா. நம்ம ஊர் மாதிரிதான்."

"அப்ப நீ மண்ணுக்குள்ள போகேலாது. மண்ணை உன்னட்டக் கொண்டு வா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குண்டு விழுந்தால் கட்டடமே போகும், மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேட்டே விட்டேன். அக்கா போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அண்ணை, குண்டு விழுற இடத்தில சாகிற ஆக்கள் குறைவு. அதிலயிருந்து சிதறுற துண்டும் கண்ணாடியும்தான் கனபேரைக் கொல்லுறது. அது சுவரைக்கூடத் துளைக்கும். மண்ணுக்குள்ள போனா நிண்டுடும். எங்கட வீட்டுப் பங்கர்க் குழியும் அதுதான், வேற ஒரு மந்திரமும் இல்ல."

மண்ணுக்குப் பஞ்சமில்லை, பின்னாலேயே கடற்கரை. சாக்குதான் இல்லை. மீன்பெட்டி நிறைய இருந்தது. ஆனால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, மணல் நிற்காது.

"சாரம் இருக்கோ?"

"சாரமா?"

"லுங்கி கேக்கறாங்கடா" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"அதை ரெண்டு பக்கமும் தைச்சா மூட்டை. பெட்டிக்குள்ள போட்டு நிரப்பு. வலை ஊசி இருக்குத்தானே?"

வலை ஊசி என்றதும் அந்தப் பக்கம் ஒரு உயிர் வந்தது. தைப்பதா, அது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா? கூட்டாளிகள் முகம் ஒவ்வொன்றாய்த் திரையில் எட்டிப் பார்த்தது. அதில் ஒரு எண்ணூர்க்காரன், பெரிய வாய்க்காரன்.

"ஐய, அக்கா இன்னா மேஸ்திரியா? லுங்கியெல்லாம் மூட்டையாயிட்டா நான் இன்னாத்த கட்டிக்கிறது?"

"அம்மணமா எண்டாலும் இரு தம்பி. உசிரோட இரு."

படியில் இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எண்ணூர்க்காரன், "அப்ப வீடியோவ ஆஃப் பண்ணுங்கப்பா" என்றான். நண்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. பறியைக் கவ்வுகிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் நடந்ததை வேலை என்றுதான் சொல்லவேண்டும். போனை ஒரு ஆணியில் மாட்டிவிட்டு அவர்கள் மண் அள்ள, அக்கா இங்கேயிருந்து கண்காணித்தார். செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கச் சொன்னார். ஒரு வரிசை போதாது, பின்னால் இன்னொரு வரிசை. தலை உயரத்துக்கு வரவேண்டும். கண்ணாடி ஜன்னலுக்கு உட்பக்கம் பழைய வலையை மடித்து மடித்துத் தொங்கவிடச் சொன்னார். சைரன் அடிக்கும்போதெல்லாம் எல்லாரும் படிக்கடியில் ஒடுங்குவார்கள். அடங்கியதும் மறுபடி மண். கடையில் நூல் வாங்க வந்தவர்களும் நூலை மறந்து நின்றார்கள். நானும் யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"வாசல் எங்க விட்டனி?" என்றார் அக்கா.

"தோ, நேரா."

"நேர விடாத. வாசலுக்கு முன்னால இன்னொரு சின்னச் சுவர் வை. ஆள் வளைஞ்சுதான் உள்ள போகவேணும். ஆளுக்கு வளையத் தெரியும், துண்டுக்கு வளையத் தெரியாது. மற்றப் பக்கத்தில ஒரு ஆள் தவழுற அளவு வழி விடு. ஒண்டு மூடுப்பட்டா மற்றதால வரலாம்."

சாயங்கால வெயில் எங்கள் கடை வாசலுக்கு வந்தபோது அங்கே சுவர் எழும்பியிருந்தது. நீலக் கட்டம், பச்சைக் கட்டம், ஒன்றில் கட்சிக் கரை, எல்லாம் லுங்கி. பார்த்தால் வண்ணான்துறை மாதிரி இருந்தது. அவன் அதன் பக்கத்தில் வந்து நின்றான். மேலெல்லாம் மணல். சிரிக்காமல் கேட்டான்:

"அக்கா, இது தாங்குமா?"

அக்கா திரையில் மூட்டைகளை மேலிருந்து கீழே பார்த்தார்.

"பக்கத்தில விழுந்தாத் தாங்கும். நேர இதுக்கு மேல விழுந்தாத் தாங்காது."

நண்டுக்காரி விருட்டென்று எழுந்தாள். "க்கா! வாயில நல்ல வார்த்தையே வராதா? தாங்கும்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா கொறைஞ்சு பூடும்?"

"பொய் சொல்லட்டோ பிள்ளை? முழுக்கத் தாங்குமெண்டு சொன்னா வாசல்ல இருந்து பீடி பத்துவார். ஒண்டும் தாங்காதெண்டு சொன்னா உள்ளயே போகார். உள்ளதைச் சொன்னாத்தான் அடியில, மூலையில போய் இருப்பார்." பிறகு போனைப் பார்த்து, "தம்பி, சத்தம் கேட்டா காதைப் பொத்து, வாயைத் திறந்து வை. நெஞ்சு நிலத்தில முட்டாம முழங்கையில படு. நிலமும் உதைக்கும்" என்றார்.

அவன் "சரிக்கா" என்றான். அந்த "சரிக்கா"வோடு மறுபடி சைரன் அடித்தது. இந்த முறை சைரன் முடியும் முன்னாலேயே ஒரு சத்தம் வந்தது. போன் ஸ்பீக்கருக்கு அதைத் தாங்க முடியவில்லை, கிர்ரென்று இழுத்தது. திரை கறுத்தது. வட்டம் சுற்றியது. அப்புறம் வட்டமும் நின்றுவிட்டது.

நண்டுக்காரி போன் போட்டாள், போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். போகவில்லை. நான் உள்ளே போய் வைஃபை டப்பாவை அணைத்து மறுபடி போட்டேன். எங்கள் பக்கம் பழுதில்லை என்று தெரிந்தும் போட்டேன். ஏதாவது செய்யவேண்டுமே. படியில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராய் "ஒண்ணும் ஆயிருக்காது" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லாரும் அதையே சொன்னபோது கேட்கப் பயமாக இருந்தது. யாரோ அவள் மாமனாரைக் கூட்டிவரவா என்று கேட்டார்கள். "வேணாம். நைனாவுக்கு நெஞ்சு தாங்காது" என்றாள்.

அக்கா இறங்கிப் போய்த் தெருவில் கிடந்த கருவாட்டைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாய் ஊதி, மண்ணைத் தட்டிக் கூடையில் போட்டார். நண்டுக்காரி அவர் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"உங்க வூட்ல பங்கரு இருந்துச்சே, அது தாங்குச்சாக்கா?"

"தாங்கினது" என்றார் அக்கா. கை நிற்காமல் பேசினார். "கிணத்துக்கும் முருங்கைக்கும் நடுவில வெட்டினது. மேல பனைமரக் குத்தி அடுக்கி, அதுக்கு மேல மண்மூட்டை. சாக்கு முடிஞ்சு, அம்மா தன்ர கூறைச் சீலையையும் வெட்டித் தைச்சவ. மாரியில முழங்காலுக்குத் தண்ணி. ஒரு பாம்பும் எங்களோட இருந்தது. அதுக்கும் பயம், ஒரு மூலையில கிடக்கும், ஒருத்தரையும் ஒண்டும் செய்யேல்ல. பிளேன் வந்து அடிச்ச நாள் குசினிக்குக் கூரையில்லை, பானையெல்லாம் சல்லடை. உள்ள இருந்த எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. ஒவ்வொருத்தரா ஏறி வெளியில வந்தம்."

"அப்பாடா" என்றாள் நண்டுக்காரி.

"அப்பா மாட்டைப் பாக்கப் போனவர். மாடு கத்தினது. பிளேன் போயிட்டுதெண்டு நினைச்சிட்டார். அது திருப்பி வந்தது."

அவ்வளவுதான் சொன்னார். கடைசிக் கருவாட்டைக் கூடையில் போட்டுவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்தார்.

போன் அடித்தது.

நண்டுக்காரி அதை அக்கா பக்கம் நீட்டினாள். அக்காதான் எடுத்தார். திரையில் ஒரு வெள்ளை முகம். முதலில் அவன் என்றே தெரியவில்லை, சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி இருந்தான்.

"ஹலோ! கேக்குதா? எனக்குக் காதுல குய்யின்னுது, கத்திப் பேசு! இருக்கோம்! எல்லாரும் இருக்கோம்!"

படியில் எழுந்த கூச்சலில் எனக்கே காது அடைத்தது. அவன் போனைத் திருப்பிக் காட்டினான். ஷட்டர் உள்பக்கமாக வளைந்து தொங்கியது. ஜன்னல் இல்லை. லுங்கி மூட்டைகளில் கண்ணாடியும் இரும்பும் முள்ளம்பன்றி மாதிரி குத்தி நின்றன. கிழிந்த இடத்திலிருந்து மணல் மெல்ல ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே அவர்கள் படுக்கிற ரூமின் ஷீட்டு போய்விட்டதாம். எண்ணூர்க்காரன் முகத்தை நீட்டி, "அக்கா, என் புது லுங்கியில பாருங்க எத்தினி ஓட்டை!" என்றான். அவன் குரல் பாதிச் சிரிப்பும் பாதி அழுகையுமாக இருந்தது. நண்டுக்காரி திரையைத் தடவித் தடவி, "மாமா, மாமா" என்றாள்.

"அழாதம்மே. ஒண்ணும் இல்ல. சைரன் நின்னு போச்சு" என்றான். மூச்சு வாங்கினான். "சரி, நான் போய் போட்டைப் பாத்துட்டு வந்துர்றேன். கயிறு அறுந்திருக்கும்."

இதைச் சொல்லத்தான் வேண்டும். அவன் அப்படிச் சொன்னதும் நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். காற்று அடித்தாலும் அலை அடித்தாலும், அடங்கியதும் கரைக்கு ஓடிப் போட்டைப் பார்க்காதவன் எங்கள் ஊரில் கிடையாது. சுனாமி அன்றைக்கும் முதல் அலை வடிந்ததும் போட்டைப் பார்க்கத்தான் ஓடினோம். நண்டுக்காரியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜாக்கிரதையா பாத்துட்டுச் சீக்கிரம் வா" என்றாள்.

"போகாத தம்பி" என்றார் அக்கா.

"தோ, கிட்டத்துலதான்க்கா. அரபி வந்தா மொத கேள்வியே போட்டு இன்னாச்சுன்னுதான் கேப்பான்."

"தம்பி, போகாத. திருப்பி வரும்."

"சைரன் ஓஞ்சிடுச்சுக்கா."

படம் ஆடியது. அவன் எழுந்துவிட்டான். வாசலுக்கு முன்னால் வைத்த சின்னச் சுவரை வளைந்து வெளியே வருவது தெரிந்தது. வளைந்த ஷட்டர், அதற்கு அந்தப் பக்கம் வெளிச்சம், புகை. அக்கா திரையைப் பார்த்தார். பிறகு நண்டுக்காரியைப் பார்த்தார். சட்டென்று அவள் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினார். அழுத்திக்கொண்டே தெருவே திரும்புகிற மாதிரி கத்தினார்:

"ஐயோ தம்பி! உன்ர பெண்சாதி விழுந்திட்டா! பேச்சு மூச்சில்லை! ஐயோ!"

"க்கா, இன்னா நீ..." என்று எழப் போனவளின் வாயை அக்காவின் கருவாட்டுக் கை பொத்தியது. அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். நண்டுக்காரி புரிந்துகொண்டாள். கண்ணை மூடி, என் கடைத் தரையில் ஈயக்குண்டுகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தாள். எனக்குத்தான் கடைசியில் புரிந்தது. "அண்ணை, தண்ணி! கெதியா!" என்று அக்கா என்னை அதட்டிய பிறகுதான். செம்பை எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஏம்மே! ஏம்மே, இன்னாச்சு? அக்கா, மூஞ்சியில தண்ணி அடி! ஏய், கண்ணத் தொற!"

"வெளியில புகைக்குள்ள நிண்டா எனக்கு உன்ர குரல் கேக்குதில்லை. உள்ள வந்து கூப்பிடு! உன்ர குரல் கேட்டாத்தான் முழிப்பா!"

அவன் உள்ளே ஓடினான். சின்னச் சுவர், வளைவு, மூட்டை, படிக்கடி இருட்டு எல்லாம் திரையில் தலைகீழாகப் போயின. மூலையில் குந்தி அவன் அவளைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அந்தப் பெயரை நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் இமை துடித்தது. கண்ணோரம் தண்ணீர் வழிந்தது, செம்புத் தண்ணீர் இன்னும் அவள் மேல் விழவே இல்லை.

அங்கே சைரன் மறுபடி எழுந்தது. கூடவே அந்தச் சத்தம். திரை குலுங்கியது, மணல் கொட்டியது, யாரோ கத்தினார்கள். படம் மட்டும் போகவில்லை. புழுதிக்குள் அவன் முகம் இருந்தது. வாய் திறந்திருந்தது. "கண்ணத் தொறம்மே" என்று அதே வார்த்தைதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

நண்டுக்காரி எழப் பார்த்தாள். "கிட பிள்ளை, நீ எழும்பினா அவர் வெளியில போயிடுவார்" என்று அக்கா அவள் காதுக்குள் சொன்னார். அக்கா முழங்காலால் அவள் தோளை அமுக்கிக்கொண்டு, செம்பிலிருந்து ஒரு கைத் தண்ணீரை அள்ளி அவள் முகத்தில் அடித்தார்.